பந்தயப் பெட்டைக்குப் பொலிக்குதிரை தெரிந்தெடுத்தல்

உழவு மாட்டை விருத்தி செய்யும் குடியானவர் பொலிகாளையின் திமிலையும் குளம்பையும் நடையையும் பலமுறை நோக்கிய பின்னரே தம் பசுவைச் சேர்ப்பது வழக்கம். குதிரை விஷயத்திலோ இந்த நிதானம் பெரும்பாலும் காணப்படுவதில்லை. பெயர் பெற்ற குதிரை என்றாலே போதும், அதன் குட்டியும் பெயர் பெறும் என்று எண்ணிவிடுகின்றனர். இவ்வெண்ணம் பிழையானது என்பதும், அதனால் பொருளும் காலமும் ஒரு நல்ல பெட்டையின் ஆயுளும் வீணாகின்றன என்பதும் யோசிக்கத்தக்கவை.

சென்னையை அடுத்த கிண்டியில் பதினெட்டாம் நூற்றாண்டு முதல் குதிரைப் பந்தயம் நடந்து வந்தது. ஓட்டத்தினின்று விலக்கப்படும் தரோபிரெட் பெட்டைகள் குறைந்த விலைக்கு வெளியார் கைக்கு வருவதுண்டு. ஐயப்பன்தாங்கல், பூந்தமல்லிப் பக்கங்களில் நிலம் உடையவர் ஒருவர் அத்தகைய பெட்டையை வாங்கி, ஈவென்டிங் என்னும் மூவகைப் போட்டிக்குரிய குட்டியை ஈனச் செய்யலாம் என்று கருதுவாராயின், அவர் எவற்றை ஆராய வேண்டும் என்பதே இங்கு விஷயம்.

ஈவென்டிங் என்பது ஒரே குதிரை மூன்று சோதனைகளில் தேறும் போட்டியாகும். முதலாவது, ஏறியிருப்பவனின் குறிப்புக்கு அடங்கி அழகுற நடத்தல். இரண்டாவது, மேடு பள்ளம் நீர்நிலைகளின் ஊடே அசையாத் தடைகளைத் தாண்டி ஓடுதல். மூன்றாவது, களத்தில் நிறுத்திய கட்டைகளைத் தட்டாமல் தாண்டுதல். மிக உயர்ந்த தரத்தில் இரண்டாவது சோதனையின் வேகம் நிமிஷத்திற்கு 570 மீட்டராகும். ஆகவே வேகமும் தாண்டுதிறனும் சாந்தகுணமும் ஒருங்கே அமைந்த பிராணி தேவைப்படுகின்றது. 1982-ஆம் வருஷம் தில்லியில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்திய வீரர் ரகுபீர் சிங் இப்போட்டியில் தனியாகவும் குழுவோடும் தங்கம் பெற்றார். 2018-இல் பெங்களூரைச் சேர்ந்த பௌவாத் மிர்ஸா வெள்ளி பெற்றார். ஆனால் அவர் ஏறிய குதிரை ஜெர்மனியில் பிறந்தது. இந்நாட்டு மண்ணில் ஈனப்பட்ட குதிரை மீண்டும் அந்நிலையை எய்த வேண்டுமாயின், தெரிந்தெடுத்தல் செம்மையாக நிகழ வேண்டும்.

முதலில் ஆராய வேண்டுவது பெட்டையையே. அது பந்தயத்தினின்று எதனால் விலக்கப்பட்டது என்று கேட்டறிதல் வேண்டும். வேகம் போதாமையால் விலக்கப்பட்டதாயின் இப்போட்டிக்கு அது பெருங்குறையன்று. கால் அமைப்பின் கோணலால் முன்னங்கால் நாண் அறுந்து விலக்கப்பட்டதாயின் அக்கோணல் குட்டிக்கும் இறங்கக்கூடும். குறுகிய தூரம் ஓடியதைவிட நெடுந்தூரப் பந்தயத்தில் தளராமல் ஓடிய பெட்டை மேலானது. கேம்பிரிட்ஜில் வால்டன், ஹாமண்டு என்னும் அறிஞர்கள் ஷயர் என்னும் பேரினத்தையும் ஷெட்லாண்டு என்னும் சிற்றினத்தையும் இருவழியாகவும் கலந்து பார்த்து, 1938-இல் முடிவை வெளியிட்டனர். தாய் பேரினமாயின் குட்டி பெரிதாகவும், தாய் சிற்றினமாயின் குட்டி சிறிதாகவும் பிறந்தது. இரண்டிலும் கலந்த இரத்தம் ஒன்றே, வேறுபட்டது கருவறையே. தந்தையின் உயரத்தால் தாயின் சிறுமையை ஈடுசெய்துவிடலாம் என்று நம்புவோர் இதனை நினைவிற் கொள்ளவேண்டும்.

அடுத்தது பொலிக்குதிரை. பெட்டையிடம் இல்லாததை அது கொண்டுவர வேண்டும். பெட்டையிடம் உள்ள குறையை அது இரட்டிக்கக்கூடாது. தரோபிரெட் பெட்டைக்கு வேகமும் மூச்சும் இயல்பிலேயே உண்டு. அதற்குப் பெரும்பாலும் வேண்டுவன, தாண்டும்போது முன்னங்கால்களை மடக்கும் திறமை, பின்பாகத்தின் வலிமை, தாளம் தவறாத நடை, பதற்றமில்லாத குணம் என்பனவே. இவை தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்ட ஐரோப்பிய வார்ம்பிளட் இனங்களில் மிகுதி. முன்னாளில் இப்போட்டியில் நெடுஞ்சாலை ஓட்டமும் வேகத்தடை ஓட்டமும் சேர்ந்திருந்தன; 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அவை நீக்கப்பட்ட பின்னர், நடைக்கும் தாண்டுதலுக்கும் மதிப்பு உயர்ந்தது.

ஆயினும் இதனை மாறாத சூத்திரமாகக் கொள்ளலாகாது. ஜெர்மானிய வீரர் மிகேல் யுங் 2012, 2016 ஆகிய இரு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற சாம் என்னும் குதிரையின் தந்தை தரோபிரெட். அவரே 2024-இல் பாரிஸில் தங்கம் வென்ற சிப்மங்கின் தந்தையோ ஹோல்ஸ்டைன் இனத்துக் கொன்டென்ட்ரோ. இரண்டு குதிரைகளுக்கும் தாய்வழிப் பாட்டன் ஹெரால்டிக் என்னும் ஒரே தரோபிரெட் குதிரை. தந்தை எவ்வினமாயினும், தாய்வழியில் ஓடும் இரத்தம் உறுதியாக இருந்தது என்பதே இதிலிருந்து அறியும் பாடம். மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளின் உரமும் வெயில் பொறுக்கும் ஆற்றலும் மெச்சத்தக்கவை. எனினும் அவை உயரத் தாண்டுதலுக்கென்று தெரிந்தெடுக்கப்பட்டவையல்ல. ஆதலால் முதற் கலப்பிலேயே அவற்றினின்று உயர்தரப் போட்டிக் குதிரையை எதிர்பார்த்தல் பொருந்தாது.

பொலிக்குதிரை தானே பெற்ற பரிசுகளைவிட, அதன் குட்டிகள் எத்தனை வயதுவரை கால் ஊனமின்றி ஓடின என்பதே நல்ல சாட்சியாகும். மிக உயர்ந்த குதிரைகளுக்குக் குரல்வளை நோயால் மூச்சிரைப்பு நேர்வது அதிகமாதலால், உயரமே பெருமை என்று கொள்ளல் வேண்டாம். வார்ம்பிளட் இனங்களில் குட்டியின் தோல் கிழிந்து மாளச்செய்யும் ஒரு பரம்பரை நோய் உண்டு. நோயைத் தாங்கும் ஆணும் பெண்ணும் சேர்ந்தால் நான்கில் ஒரு பங்கு குட்டிகள் நோயுறும். தரோபிரெட்டிலும் அரிதாக இது காணப்படுவதால், இருபுறத்தையும் மயிர் அல்லது இரத்தப் பரீட்சையால் முன்னரே அறிந்துகொள்வது கடமையாகும்.

வெளிநாட்டுக் குதிரையின் உறைவித்த வித்தைச் சர்க்கார் அனுமதியோடு தருவித்துப் பயன்படுத்தவும் வழியுண்டு. அதற்குப் பெட்டையின் பருவத்தை நாள்தோறும் கருவியால் சோதிக்கும் தேர்ந்த கால்நடை வைத்தியர் அருகில் இருத்தல் வேண்டும். செயற்கை முறையில் பிறந்த குட்டியைத் தரோபிரெட் வம்சப் பதிவேட்டில் சேர்க்கமாட்டார்கள் என்பதும் அறியத்தக்கது.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் பங்குண்டு. கிளாண்டர்ஸ் போன்ற தொற்றுநோயின் குறி தோன்றினால், 2009-ஆம் வருஷத்துப் பிராணி நோய்த் தடுப்புச் சட்டப்படி உடைமையாளர் கிராம அதிகாரியிடமோ பஞ்சாயத்துப் பொறுப்பாளரிடமோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர். அந்நோய் மனிதரையும் பற்றும். ஆகவே ஊருக்குப் புதிதாக வரும் குதிரை இரத்தப் பரீட்சையில் தேறியதா என்று விசாரித்து வைத்தல் நன்று.

நிற்க. எல்லாவற்றிலும் முக்கியமானது நிலம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கு உயர்ந்த பெட்டையை உயர்ந்த குதிரையோடு சேர்த்தாலும் கால் கோணிய எளிய குட்டியே பிறக்கிறது என்று எழுதி வைத்தார். குதிரைகளுக்குச் சோறும் இறைச்சியும் சமைத்து ஊட்டினர் என்பதும் அவர் குறிப்பே. குற்றம் இரத்தத்தில் மட்டுமன்று, தீனியிலும் இருந்தது என்று ஊகிக்கலாம். கொள்ளும் தவிடும் மட்டும் தின்று, சுண்ணச்சத்தின்றிக் கட்டுத்தறியில் வளரும் குட்டிக்கு எலும்பு உறுதிப்படாது. அதற்குப் பசும்புல்லும், தாது உப்பும், நாள் முழுவதும் தாயோடு ஓடித் திரிய ஏக்கர்க்கணக்கான வெளியும் வேண்டும்.

தாங்கல் என்னும் சொல்லே நீர் தங்கும் ஏரியைக் குறிப்பது. ஐயப்பன்தாங்கலின் பழைய வயலும் மேய்ச்சலும் பெரும்பாலும் வீடுகளாகிவிட்டன. மெட்ரோ ரயில் பாதையும் அவ்வூர் வழியே அமைந்துள்ளது. அங்கே சில சென்டு மனையில் குட்டியை வளர்க்க முயல்வது அதற்குத் தீங்கிழைப்பதேயாகும். பெட்டையை அங்கு வைத்துப் பேணலாம். ஈனுவதும் வளர்ப்பதும் 1824 முதல் குதிரை வளர்ப்புக்குப் பேர்பெற்ற ஓசூர் போன்ற குளிர்ந்த மேட்டுநிலத்தில் நடப்பதே உத்தமம். அதற்கும் வசதியில்லாதார் பெட்டையைச் சினைப்படுத்தாது, சவாரிக்குப் பழக்கி நன்றாக வைத்திருப்பதே அறமாகும்.

சினைக்காலம் பதினொரு மாதம். குட்டி உயர்தரப் போட்டிக்கு முதிர எட்டு ஒன்பது வருஷம். சேர்க்கை நடந்த நாளில் செய்த பிழை பத்தாம் வருஷத்தில்தான் முழுவதும் வெளிப்படும். அதற்குள் செலவழிந்த பொருள் திரும்பாது. வேண்டாத குதிரையை வாங்குவாரும் கிடையார். நரியைப் பரியாக்குவது இறைவன் திருவிளையாடல். குடியானவருக்குக் கைவந்தது ஆராய்ந்து தெரிந்தெடுத்தலே. ஆகையால் பெட்டையின் குறையை முதலில் எழுதிவைத்துக்கொண்டு, அக்குறையைத் தீர்க்கும் பொலிக்குதிரையைத் தேடுக. பேர்பெற்ற குதிரையை முதலில் தேடற்க.