அறுபது நாள் தவணை

தோட்டத்திலே ஒரு தொழிலாளிக்குச் சீட்டுக் கிழிந்தால் அவர் முதலில் எங்கே போகிறார்? கோயில் தலைவரிடம் போகிறார். தெரிந்த கட்சிக்காரரிடம் போகிறார். "துரைக்குக் கோபம் தணியட்டும், அடுத்த மாதம் பேசிப் பார்ப்போம்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். துரையின் கோபம் தணிகிறதோ இல்லையோ, சட்டம் கொடுத்த தவணை தீர்ந்துவிடுகிறது.

1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு என்ன சொல்கிறது? நியாயமின்றி நீக்கப்பட்டவர் வேலையைத் திரும்பக் கேட்க வேண்டுமானால், நீக்கப்பட்ட 60 நாட்களுக்குள் தொழிலுறவு இலாகாவில் மனுச் செய்ய வேண்டும். பிந்தினால் நியாயம் முழுவதும் நம் பக்கமிருந்தும் பயனில்லை. நோட்டீசு கொடுத்து நிறுத்தினால், அந்த நோட்டீசுக் காலத்திலேயே மனுக் கொடுக்கலாம். முன்பெல்லாம் மந்திரி அனுப்பினால்தான் வழக்கு தொழில் நீதிமன்றம் போகும். 2021 ஜனவரி முதல் அப்படியில்லை. சமரசம் முறிந்தால் தலைமை இயக்குநரே நேராக அனுப்புகிறார். இந்தச் செய்தி நம் லயங்களில் எத்தனை வீட்டுக்கு எட்டியது?

இன்னொரு குழப்பமும் உண்டு. வேலை வேண்டுமென்றால் தொழிலுறவு இலாகா. வரவேண்டிய பணம் வேண்டுமென்றால் தொழிலாளர் இலாகா. பெயர் ஒன்றுபோலிருப்பதால் ஓரிடத்தில் கொடுக்க வேண்டியதை மற்றோரிடத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

பால்மரத்தை வெட்டிச் செம்பனை நடுகிறார்கள். வீடமைப்புக்கு நிலம் போகிறது. துண்டாடல் காலத்தில் நம் பெரியவர்கள் கண்டது இன்னும் முடியவில்லை. ஆனால் அவர்களுக்கு இல்லாத 1980ஆம் ஆண்டு விதிகள் இன்று நமக்கு இருக்கின்றன. ஓராண்டு முடித்தவர் ஆள்குறைப்பில் நின்றால், இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு வருஷத்துக்கு 10 நாள் சம்பளம். ஐந்தாண்டுக்குட்பட்டால் 15 நாள். அதற்கு மேல் 20 நாள். பதினெட்டு வருஷம் மரம் வெட்டிய அம்மாளுக்கு 360 நாள் சம்பளம் சேர வேண்டும்! வேலை நின்ற ஏழு நாளில் அதைக் கொடுக்க வேண்டும். நோட்டீசு வேறு, ஐந்தாண்டு கடந்தவருக்கு எட்டு வாரத்துக்குக் குறையாமல், ஒப்பந்தத்தில் அதைவிடக் குறைந்த தவணை இருந்தாலும். தோட்டம் கைமாறினால், புதிய முதலாளி ஏழு நாளுக்குள் பழைய நிபந்தனைக்குக் குறையாமல் வேலை தர முன்வர வேண்டும். இல்லையேல் பழைய நிர்வாகமும் புதிய முதலாளியும் கூட்டாகவும் தனித்தனியாகவும் இந்த நட்டஈட்டுக்குப் பொறுப்பு.

இவ்வளவும் ஒரு கையெழுத்தில் போய்விடும். "சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்" என்று மலாயில் எழுதிய தாளை நீட்டி, "இங்கே போடு, பணம் வாங்கிப் போ" என்பார்கள். தானாக விலகியவருக்கு ஆள்குறைப்பு நட்டஈடு ஏது? 2018இல் வந்த வேலைக் காப்புறுதியும் அவருக்குக் கிட்டாது. கோபித்துக்கொண்டு பிரட்டுக்கு வராமலிருப்பதும் ஆபத்தே. லீவு கேளாமல், காரணமும் தெரிவிக்காமல், தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் நின்றால் ஒப்பந்தத்தை நாமே முறித்ததாகிவிடும்.

அந்தத் தாளை ஆபீசில் அடிப்பவர் யார்? நம்மைப் போன்ற கிராணிதான். அடித்துக் கொடுப்பது நம் உத்தியோகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் என்ன இருக்கிறதென்று கேட்பவருக்கு வாசித்துச் சொல்வது துரோகமா? சில கிராணிமார் அப்படித்தான் நினைத்து வாய் மூடியிருக்கிறார்கள். நமக்கும் இந்த நிழல் நிரந்தரமல்ல. 2023 முதல் வேலைச் சட்டம் எல்லாத் தொழிலாளரையும் தழுவுகிறது என்று மகிழ்ந்தோம்; மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்கும் கிராணிக்கு அந்த 1980ஆம் ஆண்டு நட்டஈட்டு உரிமை அதில் இல்லை. அவருக்கு ஒப்பந்தமும் சங்கமுமே கதி.

நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். இந்தச் சட்டங்களை அகராதியோடுதான் வாசித்தேன். படித்தால் விளங்காத விஷயமல்ல. ஒவ்வொரு கிளையும் 20ஆம் பிரிவையும் 1980 விதிகளையும் நல்ல தமிழில் எழுதிப் பிரட்டுக்களத்திலும் கோயில் வாசலிலும் ஒட்டட்டும். சட்டம் திருந்தும்போதெல்லாம் பழையதைக் கிழித்துப் புதியதை ஒட்ட ஒரு கிராணியைப் பெயர் சொல்லி நியமிக்கட்டும். அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகவே கொண்டுவரக் கேட்டுக்கொள்கிறேன்.