டப்பாவின் மேல் கொச்சி. உள்ளே எந்த ஊர்?

மட்டாஞ்சேரியின் வணிக வரலாறு என்றாலே மிளகு, இஞ்சி, போர்ச்சுகீசியர் 1555இல் கட்டிக்கொடுத்த அரண்மனை, 1568இல் எழுந்த பரதேசி யூதப் பள்ளி. இவ்வரிசையில் ஆய்வாளருக்கும் சுற்றுலா வழிகாட்டிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தகர டப்பாவில் அடைத்த அன்னாசிக்கு அங்கே இடமில்லை. எப்போதேனும் இடம் கிடைத்தாலும் 'கொச்சியின் தொழில்' என்ற ஒரே தொடரில் அது முடிந்துவிடுகிறது. அந்தத் தொடரே பிழை.

கேனிங் இண்டஸ்ட்ரீஸ் கொச்சின் லிமிடெட் என்னும் பழப்பதன நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். பெயரை மட்டும் படித்தவர் அதன் ஆலையை மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளுக்கிடையே தேடுவார். அது இருப்பதோ வடக்கே ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்சூரில். திருச்சூர் 1949 வரை கொச்சி சமஸ்தானத்து நகரம். பெயரிலுள்ள 'கொச்சின்' அந்தச் சமஸ்தானத்தின் எச்சமே அன்றித் துறைமுகத்தின் முகவரியன்று. 1949 ஜூலையில் திருவிதாங்கூரோடு இணைந்து சமஸ்தானம் மறைந்தது, பெயர்ப்பலகை மறையவில்லை. சொல் அப்படியே நிற்க அது சுட்டும் பொருள் மாறிவிட்டதைக் காணாதவர், பெயரையே ஆவணமாக்கிவிடுகிறார்.

இது ஒரு நிறுவனத்தோடு நிற்கும் சிக்கல் அன்று. கப்பல் ஏறிய சரக்குக்கு விளைந்த ஊரின் பெயர் நிலைப்பது அரிது. 'ஆலப்புழை மஞ்சள்' விளைந்தது தொடுபுழை, மூவாற்றுப்புழை வட்டாரத்து உள்நாட்டு மண்ணில். ஆலப்புழை அதை ஏற்றி அனுப்பிய துறை மட்டுமே. கோழிக்கோட்டின் பெயர் 'காலிகோ' என்று துணியில் ஒட்டிக்கொண்டது. 'கொச்சின்' என உலகெங்கும் அழைக்கப்படும் கோழியின் பூர்விகமோ சீனா! வணிகர் இப்படிப் பெயரிடுவதில் குற்றமில்லை, அவருக்கு அது வசதி. வரலாறு எழுதுவோரும் அதே வசதியைக் கைக்கொள்வதே குற்றம்.

பழத்தின் இயல்பே இந்தத் துறைமுகக் கதையை மறுக்கிறது. இறாலில் புளிப்பு இல்லை. அதை டப்பாவில் அடைக்க வேண்டுமானால் அழுத்தக் கலனில் ஏறத்தாழ 121 பாகை வெப்பம் வேண்டும். அன்னாசியின் புளிப்பு கிருமிகளைத் தானே தடுப்பதால் கொதிநீரின் வெப்பமே போதும். ஆகவே சிறிய கொட்டகையும் ஆலையாகலாம், தோட்டத்துக்கு அருகிலேயே அமையலாம். பழுத்த அன்னாசி நெடுநாள் காத்திருக்காது, டப்பா காத்திருக்கும். துறைமுகம் வந்து சேர்ந்தது டப்பாதான்.

எந்தப் பழம் டப்பாவுக்குள் போகும் என்பதையும் துறைமுகம் தீர்மானிக்கவில்லை. வாழக்குளம் அன்னாசிக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ரப்பரை மறுநடவு செய்யும் நிலங்களில், கன்றுகள் நிழல் பரப்பும்வரை முதல் மூன்று நான்கு ஆண்டுகள் ஊடுபயிராக வளரும் 'மொரீஷியஸ்' வகை அது. சுவையும் மணமும் மிக்கது, ஆனால் கண்கள் ஆழமானவை. சீவினால் சதையும் சேர்ந்து போகும். டப்பாத் தொழில் விரும்புவது கண்கள் ஆழமில்லாத, உருளை வடிவான 'கியூ' வகையை. வட்டத் துண்டுகள் டப்பாவின் விட்டத்துக்குப் பொருந்த வேண்டுமல்லவா! விவசாயியின் பெருமைக்குரிய பழம் ஒன்று, டப்பா கேட்கும் பழம் வேறொன்று. இந்த முரணை எழுதாமல் நிறுவனரின் துணிவையும் ஏற்றுமதிப் பெருமையையும் எழுதிச் செல்வது வரலாறன்று, விளம்பரம்.

துறைமுகம் இல்லையேல் சந்தை ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. பிரிஸ்டோ 1920களில் தொடங்கிய துறைமுகப் பணி இல்லாமல் கொச்சியின் ஏற்றுமதியைப் பேச முடியாது. ஆனால் சந்தையின் வரலாறு உழைப்பின் வரலாற்றுக்கு ஈடாகாது. அன்னாசிச் சாற்றிலுள்ள புரோமிலைன் நொதி புரதத்தைக் கரைக்கும். நாள் முழுதும் கையுறையின்றிப் பழம் சீவுவோரின் தோல் புண்ணாகும், விரல் ரேகையே தேயும். கைநாட்டு வைத்துக் கூலி வாங்கும் தொழிலாளிக்கு இது சிறு செய்தியா?

மொழியியலாளர் இங்கே வாளாவிருப்பது இன்னும் வியப்பு. 'அன்னாசி' தென்னமெரிக்கத் துப்பி மொழியிலிருந்து போர்ச்சுகீசியர் வழியே தமிழுக்கு வந்த கடல்வழிச் சொல். மலையாளத்துக் 'கைதச்சக்க' நிலவழிச் சொல்: தாழையைச் சுட்டும் கைத, பலாவைச் சுட்டும் சக்க. அந்தக் கைதயே சங்கத் தமிழின் கைதை. 'அன்னாசி'க்குச் சொற்பிறப்பு எழுதக் கைகள் நிறைய உண்டு. அப்பழத்தின் கண்ணை அகற்றும் கத்திக்கும், நடுத்தண்டை எடுக்கும் குழலுக்கும், ஒதுக்கப்படும் துண்டுக்கும் கொட்டகைப் பெண்கள் வழங்கிய சொற்களைத் திரட்டிய அகராதி எங்கே? 1955ஆம் ஆண்டின் பழப்பொருள் ஆணை ஒவ்வொரு டப்பாவிலும் உரிம எண் இருக்க வேண்டும் என்றது. அந்த எண்ணைப் பிடித்துச் சென்றால் ஆலை எந்த ஊரில் இருந்தது என்பது தெரியும். மிச்சமுள்ள டப்பாக்களும் கூலிப் பதிவேடுகளும் பழைய இரும்புக் கடைக்கும் காகிதக் கடைக்கும் போகின்றன. மட்டாஞ்சேரியின் மிளகுக் கிடங்குகளைப் பற்றி அடுத்த ஆய்வேடும் பதிவாகிறது.