கையிலே கயிறு, வயிற்றிலே காற்று!

போத்தனூர் இரயில் சந்திப்பை ஒட்டிய தெருக்களிலே, வேலைக்குப் புறப்படும் தாயின் தோளிலே துவண்டு கிடக்கும் குழந்தையைக் காண்கிறோம். கையிலே கறுப்புக் கயிறு, கழுத்திலே தாயத்து. "தோஷம்" என்கிறார் மந்திரித்தவர். "தலையெழுத்து" என்கிறாள் பாட்டி. பருப்பும் முட்டையும் காணாத வயிறு ஒன்றுதான் உண்மை அறியும். அதற்கோ பேச வாயில்லை!

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது: தமிழகத்திலே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் வளரவில்லை. மாடி வீட்டைக் கண்டு அஞ்சி விலகி, ஓட்டு வீட்டையே தேடி நுழையும் தோஷமும் உண்டோ? கேட்கிறோம், விடை கூறட்டும் வேதாந்திகள்!

1920இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியிலே பகலுணவு படைத்தது. காமராசர் ஆட்சியிலே அது மாநிலத் திட்டமாயிற்று. 1982இல் சத்துணவாய் விரிந்தது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. பெருமைதான்! ஆனால், பள்ளிப்படி மிதிக்குமுன்பே, கருவுற்ற நாள்தொட்டு இரண்டு வயது வரையுள்ள ஆயிரம் நாட்களிலே, உடலுக்கும் மூளைக்கும் அடித்தளம் இடப்பட்டுவிடுகிறதே! அங்கன்வாடி தரும் சத்துமாவையும் வீடே பங்கிட்டு உண்ணும் வறுமையிலே, அக்குழந்தைக்கு எஞ்சுவது எவ்வளவு? போதாததற்கு, சீம்பாலைப் பீய்ச்சி எறிந்துவிட்டுச் சேனை வைக்கும் மடமை வேறு!

கோவையிலே 2014இல் தோன்றிய 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பு, மணவிருந்துகளிலே மிஞ்சும் உணவைப் பசித்தோரிடம் சேர்க்கிறது. பாராட்டுகிறோம். எனினும், விருந்தின் மிச்சம் பெரியவர் பசியை ஆற்றுமேயன்றிப் பத்து மாதப் பிள்ளையை வளர்க்காது. அதற்குத் தாய்ப்பாலோடு, நாள்தோறும் பலமுறை, புதிதாய்க் குழைத்த சோறும் பருப்பும் கீரையும் முட்டையும் வேண்டும். முகூர்த்த நாள் பார்த்தா பசிக்கிறது குழந்தைக்கு?

ஆகவே, போத்தனூருக்குத் தேவை பிள்ளைகளுக்கென்றே ஓர் உணவு வங்கி. வீட்டுக்கு ஒரு படி துவரையோ கேழ்வரகோ மாதந்தோறும் வரட்டும். கடைக்காரர் முட்டை தரட்டும். அங்கன்வாடிப் பணியாளர் எடை பார்த்துக் குறிப்பிடும் வீடுகளுக்கு இளைஞர்கள் கொண்டு சேர்க்கட்டும். மூன்று மாதம் கழித்து மீண்டும் எடை பார்க்கட்டும். ஏறாத பிள்ளையை மருத்துவரிடம் கொண்டு செல்லட்டும். இதிலே சாதி கேட்பவனுக்கு இடமில்லை. புண்ணியம் தேடுபவனுக்கும் வேலையில்லை. பெறுகிறவர் கைகூப்ப வேண்டாம், பிள்ளையின் பசிக்கு உணவு உரிமை!

"அப்படியானால் அரசு எதற்கு?" என்பீர். 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு அங்கன்வாடி உணவை உரிமையாக்கியுள்ளது. குறையுமானால் கேட்போம், விடோம்! ஆயினும், கோரிக்கை மனு கோட்டையை எட்டும்வரை குழந்தையின் வளர்ச்சி காத்திராது.

தோழர்களே! கயிறு கட்டும் கைகளைக் கடிந்தால் மட்டும் போதாது. அந்தக் கிண்ணத்தை நிரப்பவும் வேண்டும். பகுத்தறிவு, மேடையிலே முழங்கினால் பேச்சு; பிள்ளையின் வயிற்றை நிறைத்தால் தொண்டு. தராசைத் தூக்குங்கள், தெருவுக்குள் நடங்கள்!