கழுத்துக் கறுப்பைத் தேய்க்காதீங்க

1) மக்களே, உங்க வீட்டுப் பிள்ளைக்கு 15 வயசுலேயே பின்கழுத்து கறுத்து, தடிச்சு, வெல்வெட் துணி மாதிரி இருக்கா? "ஒழுங்கா தேய்ச்சுக் குளிக்க மாட்டியா"ன்னு திட்டுறதை முதல்ல நிறுத்துங்க. பீர்க்கங்காய் நார், எலுமிச்சை, சிவப்பழகு க்ரீம் எதுக்கும் அது போகாது.

2) அதன் பெயர் அகாந்தோசிஸ் நிக்ரிகான்ஸ். உடல் பருமனோடு சேர்ந்து வந்தால், பெரும்பாலும் இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம். அக்குளிலும் வரும்.

3) "சுகர் பாத்துட்டோம் டாக்டர், 92தான், நார்மல்" என்பீங்க. ஏமாறுற இடமே இதுதான். இன்சுலின் சொல்றதை உடம்பு கேட்கலைன்னா, கணையம் கூடுதலா சுரந்து சுகரை இழுத்துப் பிடிக்கும். பல வருஷம் அப்படி ஓடும். அந்த 92, கணையம் ஓவர்டைம் பார்த்து வாங்கித் தந்த 92.

4) கணையம் களைச்ச பிறகுதான் ரிப்போர்ட் பேசும். வெறும் வயிற்றில் 100 முதல் 125, அல்லது எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 126, அல்லது 6.5-ஐத் தொட்டால் நோயே.

5) உடனே இன்சுலின் அளவு பார்க்க லேபுக்கு ஓடாதீங்க. தையல் டேப் போதும். வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கணும். 160 செ.மீ. உயரம்னா 80-க்குள். தாண்டினாலோ, கழுத்து கறுத்தாலோ, மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போனாலோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வாங்க.

6) இப்போ கோபத்துக்கு வர்றேன். தேசியத் திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரை பரிசோதிப்பது 30 வயசுல ஆரம்பிக்குது. 15 வயசுல கழுத்து கறுத்தவன் இன்னும் 15 வருஷம் காத்திருக்கணுமா? பள்ளியில் உயரம், எடை பார்க்கும்போதே கழுத்தையும் வயிற்றையும் பார்த்தால் என்ன குறைஞ்சிடும்?

7) பள்ளிக்கூடங்களே, பி.டி. பீரியடைப் பிடுங்கி கணக்கு நடத்துறீங்களே, அந்த மார்க்கை வாங்கிட்டு 30 வயசுல மாத்திரை டப்பாவோட அலையணுமா? பெற்றோரே, 300 மில்லி கோலாவில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு அது பரிசா?

8) நேரம் இன்னும் இருக்கு. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த பெரியவர்களிடம் இந்தியாவில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், உணவையும் நடையையும் மாற்றியதே நோய் வரும் அபாயத்தை 28.5 சதவீதம் குறைத்தது. பிள்ளைங்க உடம்பு இதைவிடச் சீக்கிரம் கேட்கும்னு நம்பி இன்னைக்கே ஆரம்பிங்க. எடை குறைய, கழுத்தும் மெல்லத் தெளியும்.

9) நார் எடுத்த கையில் டேப் எடுங்க.