எதிரொலி கேளாதவர்

மக்கள் பலர் ஓரிடத்துக் கூடியிருந்து உரையாடுதல் பண்டுதொட்டு வரும் வழக்கம். வெவ்வேறு ஊர்களில் இருப்போர், தொலைபேசி வாயிலாகவோ இணையத்தின் வாயிலாகவோ ஓரவையினர்போல் கூடி உரையாடுதல் இக்கால வழக்கம். இதனை ஒலிவழி மாநாடு என்னலாம். இது இயங்கும் முறையை விளக்கும் ஆய்வுரைகளும் ஆவணங்களும் ஆங்கிலத்தில் மலிந்து கிடக்கின்றன. 'அவை பொறியியலார்க்கு உரியன. இலக்கியம் பயில்வார்க்கு அவற்றால் ஆவதென்?' என்று நம் மாணவருள் பலர் வினவுவர். அவ்வினாவிற்கு எம்மால் இயன்ற விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2020-ஆம் ஆண்டில், கொள்ளைநோயின் பொருட்டுப் பள்ளிகள் அடைபட்டிருந்த காலத்தில், யாம் பள்ளி மாணவராய் இருந்தோம். பாடங்கள் கைப்பேசி வழியே நடைபெற்றன. ஒருநாள் எம்முடன் பயின்ற ஒருவன் ஐயமொன்றை வினவத் தொடங்கினான். தொடங்கியவன் இடையிலே நின்றான். "ஐயா, என் குரலே எனக்குத் திரும்பக் கேட்கிறது" என்றான். ஆசிரியரோ, "எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே, உன் கைப்பேசிதான் பழுது. சரிசெய்துகொண்டு வா, தம்பி" என்றார். அவன் பேச்சு இரட்டித்து ஒலித்தமை எம் செவியிலும் வீழ்ந்தது. ஆயினும், ஆசிரியர் கேட்கவில்லை என்றபின், யாம் கேட்டோம் என்று சொல்லத் துணிந்திலோம். வேறு கைப்பேசி வாங்கும் நிலையில் அவன் வீடும் இல்லை. அன்றுமுதல் அவன் வினவுதலையே விட்டுவிட்டான்.

கல்லூரியிற் சேர்ந்தபின், இயற்பியல் பயிலும் நண்பர் ஒருவர் துணையோடு இத்துறை பற்றிய உரைகள் சிலவற்றைப் படித்தோம். அப்பொழுதே உண்மை விளங்கிற்று. ஒலிவழி மாநாட்டில், ஒவ்வொருவர்க்கும் அவர் குரலொழிந்த ஏனையோர் குரல்களே அனுப்பப்படுகின்றன. பதின்மர் கூடியிருப்பின், ஒருவர் செவிக்குச் செல்வது மற்றை ஒன்பதின்மர் குரலே. தம் குரல் தமக்கு வருவதில்லை. இனி, அப்பதின்மருள் ஒருவர் தம் கருவியை மேசைமீது வைத்து ஒலிபெருக்கியின் வழியே கேட்கின்றார் என்று கொள்வோம். பிறர் பேசுவது அவ்வொலிபெருக்கியினின்று எழுந்து, அவர்தம் ஒலிவாங்கியிற் புகுந்து, அவர் குரலேபோல் அவைக்குத் திரும்புகின்றது. அதனை ஏனையோர் எல்லாரும் கேட்பர். அவர்க்கு மட்டும் அது செல்லாது; என்னை? அவர் கருவியினின்று புறப்பட்டது அவர்க்குத் திரும்ப அனுப்பப்படுவதில்லை ஆகலின் என்க. எனவே, எதிரொலிக்குக் காரணர் எவரோ அவரே எதிரொலி கேளாதவர். அன்று அதனைக் கேளாதவர் ஆசிரியர் ஒருவரே என்பதைப் பின்னர்த் தோழரை உசாவி அறிந்தோம்.

இதனால் ஆசிரியரைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. அவர் தம் செவி உரைத்ததையே உரைத்தார். அறியாமை அவர்க்கும் எமக்கும் பொது. அதன் தண்டமோ ஒருவனுக்கே வாய்த்தது. இரண்டு பக்க விளக்கம் ஒன்று தமிழில் எங்கள் கையில் இருந்திருப்பின், அவன் வாய் அடைபட்டிராது.

இவ்வெதிரொலியை நீக்கும் வழி புதிதாகக் கண்டதன்று. 1967-இலேயே பெல் ஆய்வுக்கூடத்து மன் மோகன் சோந்தி என்பார், தானே தன்னைத் திருத்திக்கொள்ளும் எதிரொலி நீக்கி ஒன்றைப் பற்றி எழுதினார். ஒலிபெருக்கி எதனை ஒலித்தது என்பதைக் கருவி அறியும். அறையின் சுவர்களிற் பட்டு அது எங்ஙனம் மாறி ஒலிவாங்கியை அடையும் என்பதைக் கணித்து, அவ்வளவைக் கழித்துவிட்டு எஞ்சியதையே அனுப்பும். கணிப்புப் பிழைத்தவழி எதிரொலி மீண்டும் தலைகாட்டும்.

காலத்தாழ்வும் இத்தகையதே. ஒருவர் சொல் மற்றவர் செவியை அடைய 150 மில்லிநொடிக்கு மேற்படாமை பெரும்பாலும் நன்று என்றும், 400 மில்லிநொடியைத் திட்டமிடுவோர் கடத்தலாகாது என்றும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்று வகுக்கின்றது. தாழ்வு மிகுமாயின், ஒருவர் முடித்தார் என்று எண்ணி மற்றவர் தொடங்க, இருவர் சொல்லும் மோதும். 'பேச்சிற் குறுக்கிட்டான், மரியாதை அறியாதவன்' என்று நாம் சினக்கின்றோம். குற்றம் வழியினது, பழி மனிதனது. இவ்வளவும் அறிந்த ஒருவர், இத்தகைய அவைகளில் எளிதிற் சினவார் என்பது எம் துணிபு.

இவ்வாவணங்களில் யாம் வியந்த பண்பு மற்றொன்று உண்டு. இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் வரிசை 1969 ஏப்ரலில் ஸ்டீவ் குரோக்கர் எழுதிய முதல் ஏட்டோடு தொடங்கிற்று. அவ்வரிசைக்கு இட்ட பெயர் 'கருத்துரை வேண்டுகை' என்று பொருள்படும். கட்டளை என்றோ சட்டம் என்றோ பெயரிட்டாரில்லை. 'குற்றம் உளதேல் கூறுமின்' என்று இரந்தனர். நம் புலவர் நூன்முகத்தே அவையடக்கம் பாடியதும் இக்கருத்துப் பற்றியன்றோ? வலையின் வழியே குரல் செலுத்தும் நெறியை 1977-இல் டேனி கோகன் இவ்வரிசையிலேதான் எழுதினார். பேச்சுக்கும் இசைக்கும் பொதுவாய் அமைந்த 'ஓபஸ்' என்னும் ஒலிச்சுருக்க முறையும் 2012 செப்டம்பரில், 6716 என்னும் எண் பெற்று, இவ்வரிசையிலேயே வெளிவந்தது. நொடிக்கு 6 கிலோபிட்டு முதல் 510 கிலோபிட்டு வரை அது இயங்கும். அதனைச் செயற்படுத்தும் நிரலும் உடன் தரப்பட்டுள்ளது. விரும்புவார் எவரும் பொருளின்றி எடுத்துப் படிக்கலாம், ஆராயலாம், ஆக்கலாம். படிக்கத் தெரிந்தவர்க்கே அக்கதவு திறந்திருக்கின்றது என்பதுதான் நம் குறை.

'ஆங்கிலத்தில் இருப்பன போதாவோ?' என்பார்க்கு ஒன்று கூறுவோம். ஆக்குவார்க்கு அவை போதும், பயன்படுத்துவார்க்குப் போதா. குரலின் தரத்தை அளக்கும் முறைகளுள் தலையாயது, கேட்போரையே மதிப்பிடச் செய்தல். 'மிக நன்று' என்பதற்கு 5, 'தீது' என்பதற்கு 1 என, கேட்டவர் தம் செவிக்குத் தோன்றியதைக் கூறுவர். கருவிகளின் முடிவான நடுவர் மனிதச் செவியே என்பது இதனாற் பெறப்படும். அச்செவி தமிழ்ச் செவியாயின், அது கூறும் குறையும் தமிழிலன்றோ வெளிப்படல் வேண்டும்? 'இரைகிறது', 'விட்டுவிட்டுக் கேட்கிறது', 'கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கிறது' என்று நம் இல்லத்தார் கூறும் ஒவ்வொன்றற்கும் தனித்தனிக் காரணம் உண்டு. அச்சொற்களைத் தொகுத்துக் காரணத்தோடு பொருத்துதல் பொறியியலார் தனித்துச் செய்யும் தொழிலன்று. மொழி பயில்வாரும் உடனிருத்தல் வேண்டும்.

கலைச்சொல் இல்லை என்று மலைத்தலும் வேண்டா. எதிரொலி, தாழ்வு, இரைச்சல் என்பன நம் வீட்டுச் சொற்களே. இல்லாதவிடத்துப் பிறமொழிச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவதால் இழுக்கொன்றும் இல்லை. விளங்காத தூய சொல்லினும் விளங்கும் வந்த சொல் நன்று.

சென்ற விடுமுறையில் அத்தோழனைக் கண்டு இவற்றையெல்லாம் கூறினோம். அவன் சிறிது நேரம் வாளாவிருந்து, "நீங்கள் எல்லாரும் கேட்டீர்கள் என்றாவது அன்று சொல்லியிருக்கலாமே" என்றான். அதற்கு எம்மிடம் விடையில்லை.

ஆதலின், நம் கல்லூரித் தமிழ்ப் பிரிவினரும் அறிவியற் பிரிவினரும் கூடி, ஆண்டிற்கு ஒன்றாயினும் இத்தகைய விளக்கவுரையைத் தமிழில் எழுதி இவ்விதழில் வெளியிடுதல் வேண்டும் என்று பணிவுடன் வேண்டுகின்றோம். முதலாவது உரை எதிரொலியைப் பற்றியதாகுக. அதனை எழுதும் பணியில் ஒரு பங்கை யாம் ஏற்போம். பழைய மாணவருள் இத்துறையில் தொழில் புரிவோர் எம் பிழைகளைத் திருத்தி உதவுவாராக.