குரலை உயர்த்தாத கதைசொல்லி

எங்கள் வீட்டுத் திண்ணையில் மூன்று மாத காலமாக ஒரு வழக்கு நடைபெற்று வருகின்றது. வழக்காளி என் வாப்பா. எதிராளிகள் அவர் முகமறியாத கதை வாசிப்போர் சிலர். நீதிபதி என்று எவருமில்லை. தீர்ப்பையும் வாப்பாவே வழங்கிவிடுவதால் அதற்கு அவசியம் ஏற்படவில்லை.

வாப்பா முப்பது ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்தவர். வரிப்பத்தான்சேனையில் அவரிடம் ஒளித்தெறிப்பும் காபனீரொட்சைட்டும் பயின்றவர்கள் இன்று தம் பேரப்பிள்ளைகளின் கைபிடித்து வந்து ஸலாம் சொல்லிச் செல்கின்றனர். கண்ணுக்குள் அழுத்தம் மிகும் நோய் அவரது பார்வையை ஓரங்களிலிருந்து சிறிது சிறிதாக அரித்து வந்து, சென்ற ஆண்டு புத்தகத்தின் எழுத்தையும் பறித்துக்கொண்டது. அலுமாரியின் முன் நின்று நூல்களின் முதுகைத் தடவி, இது சுஜாதா, இது ஆதர் சி. கிளார்க் என்று அவர் பெயர் சொல்லுவார். ஒன்றேனும் தவறாது. சொல்லிவிட்டு மீண்டும் வந்து அமர்ந்துகொள்வார். அவ்வளவுதான்.

இந்நிலையிற்றான் என் மகள் தன் கைத்தொலைபேசியில் ஒலிநூல் ஒன்றைப் பதிவிறக்கி அவர் காதருகே வைத்தாள். விண்வெளிக் கதைதான். வாசித்தவர் கணீரென்ற குரலுடையவர். இயந்திர மனிதன் கதவைத் திறந்து உள்ளே வருகின்ற இடம் வந்தது. வாசிப்பவர் குரல் இடிபோல் முழங்கிற்று. பின்னணியில் முரசும் அதிர்ந்தது. வாப்பா கையை உயர்த்தினார்.

"நிப்பாட்டு மகள். இந்த மனிசன் ஏன் இப்படிச் சத்தம் வைக்கிறார்? வந்தவன் கதவைத்தானே திறந்தான்!"

அன்று தொடங்கியது வழக்கு.

ஒலிநூல் என்பது வாசிக்கச் சோம்பும் இளைஞரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். வரலாறு வேறு விதமாகச் சொல்லுகின்றது. 1877இல் ஒலிப்பதிவுக் கருவியைச் செய்த எடிசன், அதன் பயன்கள் யாவை என்று மறு ஆண்டு எழுதிய கட்டுரையிலேயே, பார்வையற்றோருக்குப் பேசும் புத்தகங்களைக் குறிப்பிட்டிருந்தார். 1935இல் பிரித்தானியாவில் பார்வையற்றோருக்கான பேசும் நூல்கள் இசைத்தட்டுகளில் வெளிவரலாயின. முதல் உலகப் போரிலே கண்ணிழந்து மீண்ட வீரர்களின் தேவையே அம்முயற்சிக்குப் பெரிதும் தூண்டுகோலாயிற்று. ஆகவே இக்கலையின் முதல் உரிமையாளர் என் வாப்பாவைப் போன்றவர்களே. கண்ணுள்ள நாம் பிந்தி வந்து சேர்ந்த விருந்தினர். 2013இல் மொரோக்கோவின் மராக்கிஷ் நகரில் ஒப்பமிடப்பட்டு 2016இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை, பார்வையற்றோர்க்கு ஏற்ற வடிவில் நூல்களை ஆக்குவதற்குப் பதிப்புரிமைச் சட்டங்கள் தடையாக நில்லாதபடி வழிவகுத்தது. இலங்கையும் அதிற் சேர்ந்திருக்கின்றது.

கண்ணால் வாசிப்பவனுக்கு ஒரு பக்கம் பிடிக்காவிட்டால் தாண்டிச் செல்லலாம். எந்தச் சொல்லை அழுத்துவது, எங்கே மூச்சு விடுவது என்பதெல்லாம் அவன் விருப்பம். காதால் வாசிப்பவனுக்கோ வாசிக்கின்ற மனிதரே புத்தகம். அவர் பிழைத்தால் புத்தகம் பிழைத்தது. வாப்பாவின் கோபத்தை முதுமையின் முணுமுணுப்பு என்று நான் தள்ளிவிடாமைக்கு இதுவே காரணம்.

அன்றியும், குரலை எடைபோடுவதில் எம்மூரவர் இளைத்தவரல்லர். கிராஅத் ஓதுவோரின் குரலையும் மூச்சையும் நிறுத்தங்களையும் நுணுகிப் பேசுகின்ற முதியோர் எம்மிடை உளர். றமழான் இரவுகளில் றபான் அடித்துக் கதை பாடி வருகின்ற பக்கீர் பாவாமாரைக் கேட்டு வளர்ந்த காதுகள் கிழக்குக் கரை எங்கும் உண்டு. வாப்பாவின் இளமையோ இலங்கை வானொலியின் நாடகங்களோடு கழிந்தது. பி. எச். அப்துல் ஹமீத் ஒரு சொல்லை உச்சரிக்கின்ற விதத்தை அவர் இன்றும் எங்களுக்குச் சொல்லிக்காட்டுவார். இத்தகைய காதுகளிடம் முரசை முழக்கி ஏமாற்ற இயலுமா?

வாப்பாவின் வாதம் இதுதான். சரித்திரக் கதையை எப்படியும் வாசிக்கலாம். பாம்பே கண்ணன் அவர்கள் கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைப் பலரது குரல்களோடு நாடகம்போல் ஆக்கி வழங்கியபோது அது நன்கு பொருந்திற்று. குதிரையும் வாளும் கோட்டையும் நாம் முன்பே அறிந்தவை; அவற்றுக்கு அலங்காரம் அழகு செய்யும். விஞ்ஞானக் கதையிலோ கேட்பவன் அறியாத உலகம் வருகின்றது. அங்கே வாசிப்பவரே வியந்து கூவினால் நமக்கு வியக்க என்ன மிஞ்சும்? கண்ட சாட்சி நீதிமன்றத்திற் சொல்வதுபோல் அவர் சொல்ல வேண்டும். வியப்பைக் கேட்பவன் பார்த்துக்கொள்வான்.

இவ்வாதத்துக்கு வலுவான சான்றுகள் உள்ளன. 1938ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, ஓர்சன் வெல்ஸ் என்னும் இருபத்துமூன்று வயது இளைஞர், எச். ஜி. வெல்ஸின் செவ்வாய்க்கிரகப் படையெடுப்புக் கதையை அமெரிக்க வானொலியில் நாடகமாக்கினார். நடன இசை போய்க்கொண்டிருக்கும், இடையில் அறிவிப்பாளர் குறுக்கிட்டுச் சாதாரணக் குரலில் ஒரு செய்தி சொல்வார், மீண்டும் இசை. களத்து நிருபராக நடித்தவர், முந்திய ஆண்டு ஹிண்டன்பேர்க் ஆகாயக் கப்பல் எரிந்து வீழ்ந்தபோது வானொலி நிருபர் ஒருவர் கதறிய ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகிக்கொண்டார். அந்நிருபரின் குரல் பாதி வசனத்தில் அறுந்தவுடன் முரசு ஒலிக்கவில்லை. சில விநாடிகள் வெறும் மௌனம். அன்றிரவு நாடே தெருவுக்கு ஓடிற்று என்று மறுநாட் பத்திரிகைகள் எழுதியது மிகைப்பட்டது என்பர் பிற்கால ஆய்வாளர். ஆயினும், நம்பியோர் சிலர் இருந்தனர் என்பது உண்மை. அவர்களை நம்ப வைத்தவை செவ்வாய்க்கிரகத்தவரின் கூச்சலல்ல. அறிவிப்பாளரின் அமைதியும் அம்மௌனமுமே.

இன்னொன்று, 1968இல் வெளிவந்த '2001' திரைப்படம். கிளார்க்கும் இயக்குநர் குப்ரிக்கும் சேர்ந்து அதன் திரைக்கதையை எழுதினர். அதிலே ஹால் என்னும் கணினிக்கு முதலில் ஒரு நடிகர் குரல் கொடுத்தார். அது திருப்தி தராமையால் கனடா நாட்டவரான டக்ளஸ் ரெயின் அமர்த்தப்பட்டார். வானியல் பற்றிய கனேடிய ஆவணப்படம் ஒன்றில் அவர் விவரணம் வாசித்ததைக் கேட்டிருந்தார் குப்ரிக். அதாவது, உலகின் மிகப் பயங்கரமான இயந்திரக் குரல், பாடம் சொல்லித்தருகின்ற ஆசிரியரின் குரலிலிருந்து பிறந்தது! ஹால் மனிதரைக் கொல்லத் துணியும்போதும் குரலை உயர்த்துவதில்லை. இதை நான் சொல்லக் கேட்ட வாப்பா, "வகுப்பில் சத்தம் போடுற மாஸ்டருக்கு ஆர் பயந்த?" என்றார்.

வாப்பாவோடு நான் முற்றும் உடன்படுகின்றேன் என்று எவரும் கருத வேண்டா. ஒலியின் துணை அறவே ஆகாது என்பது அவர் கட்சி. எனக்கு அதில் ஐயமுண்டு. அண்டி வியர் எழுதிய 'புரொஜெக்ட் ஹெயில் மேரி' 2021இல் வெளிவந்தது. ஒலிநூலை வாசித்தவர் ரே போர்ட்டர். வேற்றுக்கிரகத்து உயிர் ஒன்று அதில் வருகின்றது. அதற்குச் சொற்கள் இல்லை. இசைச் சுரங்களே பேச்சு. அச்சு நூலிலே அச்சுரங்களை நாம் கற்பனை செய்துகொள்ள வேண்டும். ஒலிநூலிலோ அவை உண்மையாகவே ஒலிக்கின்றன. மனிதன் அம்மொழியைக் கற்கக் கற்க, நம் காதும் கற்கின்றது.

அந்நூலை நான் கேட்டது வட்டையில். பெரும்போகக் கதிர் முற்றும் காலத்தில் யானைக் காவலுக்கு வாடியில் இராத் தங்குவது எங்களுக்கு வழக்கம். ஒரு காதில் மாத்திரம் கருவியைச் செருகிக்கொள்வேன்; மற்றைக் காது யானைக்கு. அந்த உயிரின் முதற் சுரம் எழுந்தபோது, அது எந்தக் காதிற் கேட்டது என்று கணநேரம் புரியாமல், யானைவெடியைக் கையில் எடுத்துவிட்டேன். பின்னர் நூலின் சில பகுதிகளைத் திண்ணையில் நிறுத்தி நிறுத்திப் போட்டு வாப்பாவையும் கேட்கச் செய்தேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. "இது அலங்காரமில்லை, அதன் பாஷை" என்று அப்பகுதிக்கு மட்டும் விலக்களித்தார்.

தமிழுக்கு வருவோம். 'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது இங்கேயும் அதைப் போட்டியிட்டு வாசித்தோர் பலர். ஜீனோ என்னும் இயந்திர நாயை மறந்தவர் யார்? சுஜாதா மறைந்தது 2008 பெப்ரவரியில். அரை நூற்றாண்டுக்கு மேல் இலங்கையில் வாழ்ந்த கிளார்க் மறைந்தது அடுத்த மார்ச்சில். ஒரு மாதத்துக்குள் இருவரையும் இழந்தோமே என்று வாப்பா இன்றும் சொல்லுவார். கிளார்க் தம் கதைகளிற் சிலவற்றைத் தாமே வாசித்து இசைத்தட்டுகளாக வெளியிட்டிருக்கின்றார். அவர் தொழில்முறை வாசிப்பாளர் அல்லர்; எனினும் தாம் எழுதியதைத் தாமே நம்புகின்றவரின் குரல் அது.

அத்தகைய குரல் நம் நாட்டுத் தமிழில் எங்கே? எனக்குக் கிடைத்த தமிழ் ஒலிநூல்கள் யாவும் கடல் கடந்து வந்தவை. அவர்கள் தம் வழக்கிற் பேசுவது அவர்கள் உரிமை. அதிற் குறைகாண நான் யார்? ஆனால் 'கார்பன் டை ஆக்ஸைடு' என்று கேட்குந்தோறும், காபனீரொட்சைட்டு என்றே வாழ்நாள் முழுதும் கரும்பலகையில் எழுதிய மனிதர் ஒரு கணம் நின்று மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது. அக்கணத்தில் விண்கலம் போய்விடுகின்றது. எம் பாடசாலைகளில் விஞ்ஞானம் பயிலும் பிள்ளைகள் தம் பாடநூலின் சொற்களோடு தம் ஊர்க் குரலில் ஒரு விண்வெளிக் கதையைக் கேட்டால், அவ்விண்வெளி அவர்களுக்கும் சொந்தமாகத் தோன்றாதா?

பக்கத்தைப் படம்பிடித்தால் தொலைபேசியே வாசித்துவிடும் என்று மகள் ஒருநாள் செய்துகாட்டினாள். இயந்திரம் பிழையின்றி வாசித்தது. அழுகையையும் விலாசத்தையும் ஒரே சீராக வாசித்தது. அமைதி வேண்டும் என்று வழக்காடியவருக்கு அது பிடித்திருக்க வேண்டுமல்லவா? "அமைதி வேற, ஆளில்லாத வீடு வேற" என்றார் வாப்பா. கதையில் இயந்திரம் பேசும் வசனங்களை மட்டும் அதற்குக் கொடுக்கலாம் என்று சலுகை வழங்கினார்.

இப்போது அஸருக்குப் பின் மகளே வாசிக்கின்றாள். பத்தாந் தரத்துப் பிள்ளை, வேகம் அதிகம், முற்றுப்புள்ளிகளை மதிப்பதில்லை. வாப்பா கையை உயர்த்துவார், அவள் நிறுத்துவாள். தொலைபேசி அதைப் பதிவுசெய்து வைத்துக்கொள்கின்றது; இரவில் உறக்கம் வராதபோது அவர் மீண்டும் கேட்கின்றார். திங்கட்கோளில் அகப்பட்டுக்கொண்ட ஒருவனின் கதை நடந்துகொண்டிருக்கின்றது. நேற்று அவள், அச்சில் உள்ளபடியே, "ஆக்ஸிஜன் தீர்ந்துகொண்டிருந்தது" என்று வாசித்தாள். நான் வாப்பாவின் கையைப் பார்த்தேன். அது உயரவில்லை. வசனம் முடியும் வரை பொறுத்திருந்து, "ஒட்சிசன்" என்று தமக்குள் மெல்லச் சொல்லிக்கொண்டார்.