பழைய விளையாட்டும் புதிய பொறியும்



முப்பது ஆண்டுகளுக்கு முன் கணிப்பொறியில் ஓடிய விளையாட்டு, அதனினும் ஆயிரக்கணக்கான மடங்கு விரைவான இன்றைய பொறியில் ஓட மறுப்பது ஏன்? தங்கள் வீட்டுப் பிள்ளைகள் இவ்வினாவை எழுப்பியிருக்கக்கூடும். சிறுபிள்ளைக் கேள்விதானே என்று தள்ளிவிடாதீர்கள். பெரியவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியொன்று இதனுள் அடங்கியிருக்கிறது.

1981இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட கணிப்பொறியின் கடிகாரம் நொடிக்கு 47 இலட்சத்து 70 ஆயிரம் முறை துடித்தது. அக்காலத்தில் விளையாட்டு எழுதியோருள் பலர் அத்துடிப்பையே அளவுகோலாகக் கொண்டனர். இன்றைய பொறியோ நொடிக்கு முந்நூறு கோடி முறைக்கு மேல் துடிக்கவல்லது. அதில் அவ்விளையாட்டு ஓடத் தொடங்கினும், கை விசையைத் தொடுமுன் ஆட்டம் முடிந்துவிடும். மேலும், அவை 16 பிட் முறையில் எழுதப்பட்டவை. அவற்றை இயக்கும் பகுதி 64 பிட் விண்டோஸில் இல்லை.

இதற்கு மாற்று உண்டு. 2002இல் வெளிவந்த டாஸ்பாக்ஸ் என்னும் இலவச மென்பொருள், புதிய பொறிக்குள் பழைய பொறியொன்றைப் பாவனையாக அமைத்துத் தருகிறது. பழைய செயலி, பழைய ஒலி அட்டை, பழைய திரை ஆகிய அனைத்தும் அதனுள் உள்ளன. விளையாட்டு தன் பழைய வீட்டிலேயே இருப்பதாக எண்ணி ஓடுகிறது. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலும்.

ஆயினும் பொறி மட்டும் போதுமா? 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். சிறைப்பட்ட இளவரசியை அறுபது நிமிடங்களுக்குள் மீட்க வேண்டும். டாஸ் முறைக்கு வந்த பதிப்பில் முதற்கட்டம் முடிந்ததும், கையேட்டின் இன்ன பக்கத்தில், இன்ன வரியில், இன்ன சொல்லின் முதலெழுத்து யாதெனக் கேட்கப்படும். அவ்வெழுத்துக்குரிய குப்பியையே அருந்த வேண்டும். வட்டு பத்திரமாக இருந்தும் கையேட்டைத் தொலைத்தவர் அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான்.

இவ்விளையாட்டை 1989இல் ஆப்பிள் 2 கணிப்பொறிக்காக உருவாக்கியவர் அமெரிக்கரான ஜோர்டன் மெக்னர். தம் இளைய சகோதரர் ஓடுவதையும் தாவுவதையும் படம்பிடித்து, அவ்வசைவுகளையே இளவரசனுக்கு அளித்தவர் அவர். உலகப் புகழ் பெற்ற அப்படைப்பின் மூல நிரல் அவர் கையிலேயே இல்லாமற் போயிற்று. பல ஆண்டுகள் தேடியும் கிட்டவில்லை. 2012இல் அவருடைய தந்தையார் வீட்டைத் துப்புரவு செய்கையில், அலமாரியின் பின்புறம் கிடந்த பெட்டியொன்றை மகனுக்கு அனுப்பி வைத்தார். அதனுள் இருந்தன அவ்வட்டுகள்!

காந்தப் பூச்சில் எழுதப்பட்டது காலப்போக்கில் மங்கும். ஆதலால் அவர் தாமே அவசரப்பட்டு முயலாமல், பழம்பொறிகளை நன்கறிந்தவர்களை அழைத்துப் படிக்கச் செய்தார். நிரல் மீண்டது. அதனை யாவரும் காணுமாறு வெளியிட்டும் விட்டார்.

எல்லாப் படைப்புகளுக்கும் இவ்வாய்ப்பு அமைவதில்லை. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளுள் நூற்றுக்கு 87 இப்போது விற்பனையில் இல்லை என 2023இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது. கடையில் கிடைக்காததால் அது உரிமையாளரற்ற பொருளாகிவிடாது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். ஜிஓஜி போன்ற விற்பனைத் தளங்கள் 2008 முதல் பழைய விளையாட்டுகளை முறைப்படி விற்று வருகின்றன. அவற்றுட் பலவற்றுடன் டாஸ்பாக்ஸும் இணைந்தே வருகிறது. நேர்வழி இருக்கையில் குறுக்குவழி எதற்கு?

தங்கள் வீட்டு அலமாரியிலும் பழைய வட்டுகள் உறங்கிக் கொண்டிருக்கலாம். அவற்றில் இருப்பது விளையாட்டாக இருக்கலாம். பாட்டனார் எழுதிய கடிதமாகவும் இருக்கலாம். தூசி தட்டி எடுங்கள். அறிந்தவரைக் கொண்டு முதலில் படியெடுங்கள். பிறகு திறந்து பாருங்கள். உடன் இருந்த கையேட்டையும் தாள்களையும் வீசிவிடாதீர்கள்.

பொறியைப் பாவனை செய்துவிடலாம். அழிந்துபோன எழுத்தை எதைக் கொண்டு பாவனை செய்வது? சிந்தியுங்கள்!